மணிக்கட்டு வலியும் மறதியும் ஒரே ஆளுக்கா? உஷார்!

முப்பது வயதுகூட ஆகாத ஒருவருக்கு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் விடாத வலி. லேசாக இடறி விழுந்ததற்கே எலும்பு முறிகிறது. மாவுக்கட்டு போட்டுச் சரியாகிறது. கொஞ்ச காலம் கழித்து இன்னொரு இடத்தில் முறிகிறது. முப்பதைத் தாண்டியதும் ஆளே மாறிப்போகிறார். கூச்ச நாச்சம் போய்விடுகிறது, சபையில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார், கையில் இருக்கும் பணத்தைக் கண்டபடி செலவழிக்கிறார். அப்புறம் மறதி. நாற்பதை ஒட்டிய வயதில், எண்பது வயதுத் தாத்தாவுக்கு வரவேண்டிய நிலை அவருக்கு வந்துவிடுகிறது.

தருமபுரி மாவட்டத்தில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன நடக்கும்? எலும்பு வலியா, “நம்ம ஊர் ஃபுளோரைடு தண்ணிதான்” என்பார்கள். குணம் மாறியதா, “குடிச்சுக் கெட்டுப்போயிட்டான்” என்பார்கள். பெண்ணாக இருந்தால் “காத்து கருப்பு அண்டிடுச்சு” என்று கயிறு மந்திரிப்பார்கள். எலும்புக்கு ஒரு டாக்டர், மனநலத்துக்கு வேறு ஊரில் இன்னொரு டாக்டர். இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆளிருக்காது.

அந்த இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம். பெயர் நாசு–ஹகோலா நோய். ஜப்பானில் நாசு, ஃபின்லாந்தில் ஹகோலா என்று இரண்டு மருத்துவர்கள் 1960, 70களில் தனித்தனியாகக் கண்டு எழுதியது. மிக மிக அரிது. நோய் அதிகம் தெரியவந்த ஃபின்லாந்திலேயே பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான். ஆகவே, நம் மாவட்டத்தில் இது பரவிக் கிடக்கிறது என்று யாரும் பயந்துவிட வேண்டாம். நான் சொல்வது அதுவல்ல. இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றுதான், வேறு விதமாகப் பழுதாகும்போது, முதுமையில் வரும் சாதாரண அல்சைமர் மறதிநோயின் ஆபத்தைக் கூட்டுகிறது. அப்படிப்பட்ட பழுதுகள் ஒரே குழந்தையிடம் சோடி சேர என்ன வழி உண்டோ, அந்த வழியைத்தான் நாம் ‘சொந்தம் விட்டுப் போகக்கூடாது’ என்று தலைமுறை தலைமுறையாகத் திறந்து வைத்திருக்கிறோம். உஷார் என்று கத்துவது அதற்காக.

முதலில் அந்த ஃபுளோரைடு சமாதானத்தைப் பார்த்துவிடுவோம். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது பொய்யில்லை. பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல், 2013இல் தொடக்கம். ஆனால் ஃபுளோரைடு எலும்பைத் தாக்கும்போது எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட அடர்த்தியாக, வெள்ளை வெளேரென்று தெரியும். முதுகெலும்பு விறைக்கும், தசைநார்களில் சுண்ணாம்பு படியும். நாசு–ஹகோலாவில் நேர் எதிர். மணிக்கட்டு, கணுக்கால் எலும்புகளின் முனையில் ஓட்டை ஓட்டையாக, கொழுப்பு நிரம்பிய பொந்துகள் தெரியும். ஒரே ஒரு எக்ஸ்ரேயைச் சரியான கண்கள் பார்த்தால் போதும், இது தண்ணீர்க் கோளாறா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். “இந்த ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான்” என்ற வார்த்தை இருக்கிறதே, அது எத்தனை நோய்களை மூடி மறைத்திருக்குமோ!

எலும்புக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? விஞ்ஞானிகளையும் குழப்பிய கேள்வி இது. ஃபின்லாந்துக் குழு ஒன்று 2000இல் முதல் மரபணுவைப் பிடித்தது: டாப்-12. 2002இல் இரண்டாவது: ட்ரெம்-2. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் இரண்டு பிரதிகளும் (அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று) கெட்டுப்போனால் நோய். வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே நரம்பு செல்லில் வேலை செய்யும் மரபணுக்கள் இல்லை. நோய் எதிர்ப்பு செல்களின் மரபணுக்கள். எலும்பை அரித்துச் சீரமைக்கும் செல்களும், மூளைக்குள் குடியிருக்கும் எதிர்ப்பு செல்களான மைக்ரோகிளியாவும் ஒரே வம்சம். அந்த வம்சத்தில் ஒரு பழுது விழுந்தால் கையும் உடைகிறது, புத்தியும் மாறுகிறது. நினைவைச் சேமித்து வைக்கும் செல்லில் எந்தக் கோளாறும் இல்லாமலே, பக்கத்தில் இருக்கும் எதிர்ப்பு செல்லின் கோளாறால் மட்டுமே ஒருவருக்கு டிமென்ஷியா (புத்தி மங்கும் நோய்) வரும் என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி கிடையாது.

மைக்ரோகிளியா மூளையின் செல்களில் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். விடியற்காலையில் தெருவைப் பெருக்கும் துப்புரவுப் பணியாளர் போலத்தான் அதன் பிழைப்பு: வேலை நடக்கும்வரை யாருக்கும் அது கண்ணில் படாது, நின்றால்தான் தெரியும். செத்த செல், உதிர்ந்த கொழுப்பு, வேண்டாத நரம்பிணைப்பு எல்லாவற்றையும் விழுங்கிச் செரிக்கும். அல்சைமர் நோயில் மூளைக்குள் அமிலாய்ட் என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது. 1906இல் ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர், அகஸ்டே டேட்டர் என்ற பெண்ணின் மூளையில் பார்த்துச் சொன்ன திட்டுகள் இவை. ஐம்பத்தொரு வயதில் மறதியோடு மருத்துவமனைக்கு வந்தவர் அவர். ஆரோக்கியமான மைக்ரோகிளியா அந்தத் திட்டைச் சூழ்ந்து, இறுக்கி, வேலி கட்டிவிடும். திட்டு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று அதற்கு உணர்த்துவது செல்லின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரெம்-2. அது பழுதானால் மைக்ரோகிளியா திட்டைச் சரியாகச் சூழ்வதில்லை. வேலியில்லாத திட்டு விரிந்து பரவி, சுற்றியுள்ள நரம்பு இழைகளைச் சிதைக்கிறது.

ட்ரெம்-2வை அல்சைமரோடு முடிச்சுப் போட்டது 2013ஆம் ஆண்டு. ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனத்தார் ஒரு பக்கம், லண்டனை மையமாகக் கொண்ட இன்னொரு குழு மறுபக்கம், ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரே நேரத்தில் எழுதினார்கள். ட்ரெம்-2 புரதத்தில் 47ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்தால், அதுவும் ஒற்றைப் பிரதியில் மட்டும் வந்தாலே, அல்சைமர் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆர்47ஹெச் என்று அதற்குப் பெயர். அதற்கு முன்னும் பின்னும் வந்த பெரிய ஆய்வுகளில் சிடி33, பிஎல்சிஜி2 என்று எதிர்ப்பு செல் மரபணுக்கள் வரிசையாக அகப்பட்டன. இதில் பிஎல்சிஜி2 தனி ரகம். அதில் வரும் ஒரு மாற்றம் ஆபத்தைக் கூட்டாமல் குறைக்கிறது என்று 2017இல் தெரிந்தது. ஆக, மரபணு மாறினாலே கெடுதல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதும், அத்தை மகன் மாமன் மகளைக் கட்டுவதும் இங்கே உரிமை. காரணங்களும் லேசானவை அல்ல. மானாவாரி நிலம் மூன்று ஏக்கர், அது துண்டாகிவிடக் கூடாது. நகைக்குப் பேரம் இருக்காது. பொண்ணு கண்ணெட்டும் தூரத்தில் இருப்பாள், மாமியாரும் அத்தைதானே, அடிக்க மாட்டாள். இதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நகரத்திலிருந்து சிரிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு புரியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். இந்தியாவிலேயே இதில் நாம் முன்வரிசை.

ஆனால் மரபணுவின் கணக்கு வேறு. மாமன் – அக்கா மகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களில் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிரதியாக இருக்கும். அத்தை மகன் – மாமன் மகள் கல்யாணத்தில் பதினாறில் ஒரு பங்கு. தாத்தாவிடம் ஒற்றைப் பழுது ஒன்று ஒளிந்திருந்தால், அவர் எண்பது வயது வரை திடகாத்திரமாக ஏர் பிடித்திருப்பார். அந்தப் பழுது இரண்டு கிளைகளில் இறங்கி, பேரன் பேத்தி கல்யாணத்தில் மறுபடி சந்திக்கலாம். கணவன் மனைவி இருவரும் ஒற்றைப் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தைக்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்கல்தான்.

“நாங்க சொந்தத்துல கட்டலீங்க, வெளியிலதான் எடுத்தோம்” என்பவர்களும் உட்காருங்கள். வெளியில் என்றால் எங்கே? அதே சாதிக்குள், இரண்டு தாலுகா தள்ளி. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு, தெற்காசியாவில் 263 சமூகக் குழுக்களின் மரபணுவை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. அவற்றில் 81 குழுக்களில், சிறிய எண்ணிக்கையிலான முன்னோர்களிடமிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட தடயம், ஃபின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட அழுத்தமாக இருந்தது. எந்த ஃபின்லாந்து? நாசு–ஹகோலா நோய்க்குப் பெயர் கொடுத்த அதே ஃபின்லாந்து. அங்கே அந்த நோயாளிகளிடம் இருப்பது டாப்-12 மரபணுவில் ஒரே மாதிரியான ஒரு துண்டிப்பு. பழைய மூதாதை ஒருவரிடமிருந்து இறங்கியது. அதைவிட இறுக்கமான கூட்டங்கள் நம்மிடம் 81 என்றால், ஒவ்வொன்றிலும் என்னென்ன பழுது பத்திரப்படுத்தப்பட்டிருக்கிறதோ.

பயமுறுத்தச் சொல்லவில்லை, உதாரணம் கையிலேயே இருக்கிறது. வைசிய சமூகத்தினரில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து உடலில் கரையாமல் நெடுநேரம் தங்கி, மூச்சு திரும்புவது தாமதமாகும். ஒரு நொதியின் மரபணுப் பழுது. இன்று தென்னிந்திய மயக்க மருந்து நிபுணர்கள் பலர் இதை அறிந்து முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார்கள். தெரிந்துவிட்டதால் ஆபத்து வெறும் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. அதே போல கொலம்பியாவின் ஆன்டியோகியா மலைக் கிராமங்களில் நாற்பத்தைந்து வயதுக்குள் மறதி வரும் குடும்பங்களை, நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா 1980களிலிருந்து வீடு வீடாகப் போய்த் தேடினார். அங்கும் அதுவரை சாபம், சூனியம் என்றுதான் பேச்சு. கிளம்பிவந்தது ஒற்றை மரபணுப் பழுதைச் சுமக்கும், ஆயிரக்கணக்கானவர்கள் அடங்கிய ஒரே வம்சம். அந்தப் பழுது இருந்தும் எழுபது வயதுவரை தெளிவாக இருந்த ஒரு பெண்மணியையும் அவர்களுக்குள்ளேயே கண்டுபிடித்தார்கள். அவரைக் காத்தது, ஏபிஓஇ மரபணுவில் இருந்த வேறொரு அரிய மாற்றம் என்று 2019இல் எழுதினார்கள். தேடப் போனால்தான் இதெல்லாம் கிடைக்கும்.

நம் பக்கத்தில் அப்படி யார் தேடுகிறார்கள்? கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம். அங்கே சீனிவாசபுரம் தாலுகா கிராமங்களில், பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 2018இலிருந்து நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து நினைவாற்றல், ரத்தம், ஸ்கேன், மரபணு எல்லாம் பதிவு செய்துவருகிறது. இலக்கு பத்தாயிரம் பேர். ராகி தின்று, மானாவாரி உழுது, நம்மைப் போலவே வாழும் சனம். அதே மையம் முன்னின்று நடத்திய ‘ஜீனோம் இந்தியா’ திட்டம், பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுப்பை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது.

நம் ஆட்களிடமே இப்படித் தேடுவது ஏன் முக்கியம் என்றால், இப்போது ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கிறது. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் ‘உங்களுக்கு அல்சைமர் வருமா’ என்று கலர் கலராக ரிப்போர்ட் வரும். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜோடு இலவச இணைப்பாகக்கூடத் தருவார்கள். உஷார்! அந்தச் சோதனைகள் தேடுவது பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் கண்டுபிடித்த மாற்றங்களை. ஆர்47ஹெச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்திலேயே நூறில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இருக்கிறது. சீனா, ஜப்பான் ஆய்வுகளில் தேடித் தேடியும் அகப்படாத அளவுக்கு அரிது. நம் கூட்டத்துக்கே உரிய பழுது ஒன்று ட்ரெம்-2இல் வேறு இடத்தில் இருந்தால் அந்தச் சோதனை அதைப் பார்க்கவே பார்க்காது. ‘நார்மல்’ என்று அச்சடித்து அனுப்பிவிடும்.

முன்பு சொன்ன ஏபிஓஇ மரபணுவின் ஒரு வகையான ஏபிஓஇ-4 கதையும் இப்படித்தான். 1993இல் கண்டறியப்பட்ட இதுதான் முதுமை அல்சைமரின் பெரிய மரபணு ஆபத்து. ஒற்றைப் பிரதி இருந்தால் மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்று அச்சிடுவார்கள். இந்த எண்களும் பெரும்பாலும் வெள்ளையர்களை வைத்துப் போட்டவை. டெல்லிக்குப் பக்கத்தில் வல்லப்கர் கிராமங்களில் இந்திய – அமெரிக்கக் குழு நடத்திய ஆய்வில், ஏபிஓஇ-4 அளவு 7 சதவீதம்; ஒப்பிட்ட பென்சில்வேனியா பகுதியில் 11. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குப் புதிதாக அல்சைமர் வந்தது அங்கே 17.5, வல்லப்கரில் 4.7. நம் ஆட்களின் ஆபத்து அவர்கள் அட்டவணையில் அப்படியே பொருந்தாது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

இன்னொன்று. ரிப்போர்ட்டில் ‘ஆபத்து அதிகம்’ என்று வந்த தாள் வீட்டைவிட்டு வெளியே போனால் என்ன ஆகும்? யாரும் மரபணு படிக்கப்போவதில்லை. “அந்த வீட்டுப் பொண்ணுக்குப் பைத்தியம் பிடிக்கும்னு சீட்டு வந்திருக்காம்” என்று சந்தையில் பேசுவார்கள். பையன் விஷயத்தை ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிடும், பெண்ணுக்குக் கல்யாணமே நின்றுபோகும். மருத்துவக் கருவி ஒன்று நம் மாவட்டத்துக்குள் நுழைந்தால் அது எப்படியெல்லாம் பெண்பிள்ளைக்கு எதிராகத் திரும்பும் என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மண் இது. கருவில் ஆணா பெண்ணா என்று களவாக ஸ்கேன் பார்த்தவர்கள் பிடிபட்ட செய்தி இன்றும் வருகிறது. மரபணு ரிப்போர்ட்டும் அந்த வழியில் போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? மரபணுவைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கத் தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை.

மரபணுச் சோதனையே வீண் என்று சொல்லவில்லை. அதற்கு நியாயமான இடங்கள் உண்டு. வீட்டில் ஐம்பது வயதுக்குள் ஒருவருக்கு மறதியோ குண மாற்றமோ வந்திருந்தால், அதிலும் எலும்பு முறிவும் சேர்ந்திருந்தால், நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்து, மரபணு ஆலோசகர் உட்கார்ந்து விளக்கிச் செய்யும் சோதனை வேறு. இன்னொரு இடம், புது மருந்து. அமிலாய்டைக் கரைக்கும் டொனனெமாப் ஊசிக்கு 2025இல் இந்தியாவில் அனுமதி கிடைத்துவிட்டது. நோயை நிறுத்தாது, தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் பக்க விளைவாக மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம். பெரிய சோதனையில், ஏபிஓஇ-4 இரட்டையாக இருந்தவர்களில் 40 சதவீதத்தினருக்கு அந்த வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. ஒன்றுகூட இல்லாதவர்களில் சுமார் 16 சதவீதம். ஆகவே அந்த ஊசியைப் போடலாம் என்று எங்காவது சொன்னால், “ஏபிஓஇ பாத்தீங்களா? எம்ஆர்ஐ எத்தனை தடவை எடுப்பீங்க?” என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கிடையில் ட்ரெம்-2வையே தட்டி எழுப்பி மைக்ரோகிளியாவை வேலைக்கு அனுப்பலாம் என்று ஓர் அமெரிக்க நிறுவனம் ஏஎல்002 என்ற மருந்தைச் சோதித்தது. 2024 நவம்பரில் அது தோற்றது. ஆய்வுக்கூடத்தில் அழகாகப் புரிந்த ஒன்று நோயாளியிடம் பலிக்காமல் போவது புதிதல்ல. ‘மூளையின் எதிர்ப்பு சக்தியை உசுப்பும்’ என்று விளம்பரம் வரும் லேகியம், மாத்திரை, ஸ்டெம்செல் ஊசி எதையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டெம்செல்லைப் பொறுத்தவரை, ரத்த நோய் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்றதைச் சிகிச்சை என்று விற்கக்கூடாது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டி 2017லேயே சொல்லிவிட்டது. மறதிக்கு ஸ்டெம்செல் என்று எவராவது பணம் கேட்டால் அது ஏமாற்று.

இதுவரை சொன்னது பிறப்போடு வரும் பழுது. பிறந்தபின் சம்பாதிக்கும் பழுதும் உண்டு. இப்போது ஆய்வாளர்கள் அதிகம் பரபரப்பது அதில்தான். வயதாக ஆக, ரத்தத்தை உற்பத்தி செய்யும் செல்களில் சிறு சிறு மரபணு மாற்றங்கள் சேர்கின்றன. டிஎன்எம்டி3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் மாற்றம் விழுந்த செல் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். ரத்தப் புற்றுநோய்க்கு முதல் படியாகவும் இதயநோய்க்கு உரமாகவும் இது ஆகலாம் என்று முன்பே தெரியும். அந்தச் செல்கள் மூளைக்குள்ளும் போய் மைக்ரோகிளியாவோடு மைக்ரோகிளியாவாகக் குடியேறுகின்றன. 2023இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, ரத்தத்தில் இப்படி மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் குறைவாகவே வருகிறது என்றது! அடுத்து பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் கிறிஸ்டோபர் வால்ஷ் குழு, இறந்தவர்களின் மூளைத் திசுக்களை எடுத்து ஆழமாக வாசித்தது. அல்சைமர் நோயாளிகளின் மைக்ரோகிளியாவில் இத்தகைய புற்றுநோய் வகை மாற்றங்கள் மற்றவர்களைவிட அதிகம், அந்தச் செல்கள் அழற்சியைக் கிளப்பும் நிலையில் இருக்கின்றன என்றது. ஒன்று காப்பு என்கிறது, மற்றது கேடு என்கிறது. எந்தச் செல்லில், எந்த வயதில், எந்த மாற்றம் என்பதைப் பொறுத்து இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நாளைக்கே ‘ரத்தத்தில் அல்சைமர் செல் இருக்கிறதா, பார்த்துச் சொல்கிறோம்’ என்று விற்க வருபவர் முதல் ஆய்வைப் பற்றி மூச்சுவிட மாட்டார்.

இந்த ரத்தச் செல் மாற்றங்களைத் தூண்டுவதில் வயதுக்கு அடுத்து சந்தேகமில்லாமல் நிற்பது புகை. பீடிக்கட்டு ஒன்று ஒரு நாளைக்குப் போதவில்லை என்பவர் நுரையீரலை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிறப்போடு வந்த மரபணுவை நம்மால் மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் மற்றதில் நாம் விட்டுக்கொண்டிருப்பது மலைபோல் இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பதினான்கு காரணிகளை எடுத்துக் காட்டி, உலகின் டிமென்ஷியாவில் 45 சதவீதம் அவற்றோடு பிணைந்தது என்றது. கெட்ட கொழுப்பும் காது கேளாமையும் அதில் முதலிடம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் வரிசையில் உண்டு. பிள்ளைகள் ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று போய்விட்ட வீட்டில், காதும் கேட்காமல் கண்ணும் தெரியாமல், நாள் முழுக்க யாரோடும் பேச்சில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எந்த மரபணுவும் தேவையில்லை, மூளை தானே மங்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்று பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அதை வாங்கி மாடத்தில் அடுக்கி வைப்பவர்கள், சுகருக்காக மட்டுமல்ல, புத்திக்காகவும் விழுங்குகிறோம் என்று தெரிந்து விழுங்கட்டும்.

“வயசானா மறதி வரும்தானே” என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வாக்கியம். இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு இருக்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அப்படியென்றால் மீதிப் பேருக்கு இல்லை. மறதி முதுமையின் விதி அல்ல. அதைவிட முக்கியம், மறதி எல்லாமே அல்சைமரும் அல்ல. பி12 குறைவு, தைராய்டு மந்தம், ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மன அழுத்தம், கடையில் கேட்டு வாங்கிப் போடும் தூக்க மாத்திரை எல்லாமே அச்சு அசல் அல்சைமர் போல வேஷம் கட்டும். மாட்டுக் கொட்டகையில் தலை இடித்து, வெளியே காயமில்லாமல், மண்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த ரத்தக்கட்டும் சில வாரத்தில் புத்தியைத் தடுமாற வைக்கும். ஒரு சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும். எடுத்துவிட்டால் ஆள் பழையபடி. இவற்றைத் திருப்பிவிடலாம் என்பதால்தான், மரபணுவுக்கு முன்னால் இவற்றைப் பார்க்கச் சொல்கிறேன். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்குங்கள். இளவயது மறதி, குடும்பத்தில் பலருக்கு மறதி என்றால் நூற்று முப்பது கிலோமீட்டரில் பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று தலைமுறைக்கான ஒரு வம்சப் படத்தை நோட்டுத் தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். யார் யாரைக் கட்டினார்கள், அவர்கள் சொந்தமா இல்லையா, யாருக்கு எந்த வயதில் புத்தி தடுமாறியது, யார் சின்ன வயதிலேயே ‘ஒரு மாதிரி’ ஆகி இறந்தது, யாருக்கு அடிக்கடி எலும்பு முறிந்தது. டாக்டருக்கு எந்த விலையுயர்ந்த ரிப்போர்ட்டையும்விட இது உதவும். இதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டுப் பெரிய பாட்டிகள்தான். அவர்களுக்கே மறதி வருவதற்குள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொந்தத்தில் பேச்சுவார்த்தை நடக்கும் வீடாக இருந்தால், நிச்சயத்துக்கு நாள் குறிக்கும் முன்னால் இந்தத் தாளோடு ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். சாதகக் கட்டை எடுத்துக்கொண்டு அலைகிறோமே, அந்த அலைச்சலில் பாதி போதும்.

வீட்டில் ஏற்கெனவே ஒருவர் தடுமாறிக்கொண்டிருந்து, யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால், முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் காசில்லை, தமிழிலேயே பேசலாம்.